பெட்டி மட்டும் புறப்பட்டது

நில்லுங்க! தாயி, அங்கனயே நில்லுங்க! பெட்டியோட படியேறிராதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும், ரெண்டு எட்டு பின்னால வைங்க. ஆமா, தெருவுலயே நில்லுங்க. கொஞ்சம் பிடிச்சுக்கிட்டே இருங்க, செருப்பை மாட்டிட்டு வந்துருதேன்.

தப்பா நெனைச்சுக்கிடாதீங்க, சத்தம் போட்டுட்டேன். இன்னும் ஒரு எட்டு வச்சு அந்தப் பெட்டி என் வாசலைத் தாண்டியிருந்தா என்ன ஆயிருக்கும்? நெனைக்கவே முடியல. வாங்க, உங்க வீட்டுக்கே போவோம். பெட்டிய எடுத்த எடத்துலயே வச்சிருவோம். மேல்பக்கத்து ரூம்புல, சன்னலுக்குக் கீழதான இருந்துது? இந்த மாசம் அது அங்கதான் இருக்கணும். நான் தூக்குதேன், குடுங்க. கனக்கும்.

அப்பாடா. இப்பந்தான் எனக்கு மூச்சு வருது.

இருக்கட்டும், நாற்காலி எல்லாம் வேண்டாம். சாமான் கட்டே பிரிக்கல நீங்க, எங்கன போயித் தேடுவிய? இந்தப் பாத்திரக் கோணி மேலயே உக்காந்துக்கிடுதேன். நேத்து குடிவந்தது நீங்கதான? கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்கு மாத்தலாகி வந்த நர்சம்மா, தருமபுரிப் பக்கம்னு வீட்டு ஓனரு சொன்னாரு. அம்பாசமுத்திரம் பிடிச்சிருக்கா? பிடிச்சுப் போவும். என் பேரு ஆவுடைநாயகம். பொதுப்பணித்துறையில லஸ்கரா இருந்தேன், முப்பத்திநாலு வருசம். லஸ்கர்னா அணைக்கட்டுல, கால்வாய்ல மடை ஷட்டரைத் தூக்கி எறக்குறவன். ஆத்துல வெள்ளம் பொரண்டு வாரப்பம் ஷட்டர் மேல தனியா நின்னவன் நான். பயந்த ஆளுன்னு நெனைச்சிராதீங்க.

இந்த வீட்டுல உங்களுக்கு முந்தி இருந்தாவளே, கோலம்மை மதினி, அவுக மகன் வீட்டோட கோயமுத்தூருக்குப் போறாவன்னு தெரியும். போறப்பம் பெட்டி மேல 'எதுத்த வீட்டுல குடுத்துருங்க'ன்னு சீட்டு ஒட்டிட்டுப் போவாவன்னு நான் கண்டனா? ஆறு மாசம் வச்சிருந்த மனுசிக்கு விசயம் தெரியாதா? தெரியும். வேணும்னே செஞ்சிருக்காவ. எம் பேர்ல கோவம்.

உங்க ஊர்ப் பக்கம் பரஸ்தானம் வைக்கிறது உண்டுமா? கேள்விப்பட்டதே இல்லையா? அப்பம் உங்க மேல குத்தமில்ல. பயணம் போற நாளு நமக்கு நல்ல நாளா அமையாதுல்லா. பிளேன்காரன் நமக்காகப் பஞ்சாங்கம் பாப்பானா? அதனால முந்தியே ஒரு நல்ல நாள்ல, நல்ல நேரத்துல, பெட்டிய மட்டும் கொண்டுபோயி எதுத்த வீட்டுல வச்சிரணும். வச்சிட்டா பயணம் அப்பமே கெளம்பியாச்சுன்னு அர்த்தம். பெறகு ராகுகாலத்துல போனாலும் சூலம் குறுக்க நின்னாலும் தோசமில்ல, போற போக்குல பெட்டிய எடுத்துக்கிட்டுப் போயிரலாம். ஆனா ஒண்ணு. வச்ச பெட்டி திரும்பி வீட்டுக்குள்ள வரக் கூடாது. வந்தா பயணம் முறிஞ்சுது. யாரைப் பாக்கக் கெளம்பினோமோ அவுகளுக்கு ஆகாது. எங்க வீட்டுல அப்படித்தான் சொல்லுவாவ. இப்பம் தெரியுதா நான் ஏன் அலறினேன்னு?

யாரைப் பாக்கவா? எம் மகளைத்தான். ஒரே மக. சங்கரி. நியூசிலாந்துல இருக்கா.

கல்யாணமாகிப் போயி நாலு வருசமாச்சு. அங்க போன மூணாம் மாசமே கூப்பிட்டா, 'அப்பா, நீயும் அம்மையும் எப்பம் வாரீங்க'ன்னு. வாரதுக்கு என்ன? நல்ல நேரமாப் பாத்து வரணும்லா. கண்ட நேரத்துல மடையத் தொறந்தா என்ன ஆவும்? ஒரு நாள் முந்தினாத் தண்ணி வீணு, ஒரு நாள் பிந்தினாப் பயிரு காஞ்சிரும். நேரம் பாக்க எனக்கு யாரு சொல்லிக் குடுக்கணும்?

அந்த நாட்டுல எல்லாம் தலைகீழு தாயி. நமக்குக் கோடைன்னா அவனுக்குக் குளிர். நமக்கு மார்கழின்னா அங்க வெயிலு மண்டையப் பொளக்கும். நான் ஒரு காலண்டர் அட்டையில பன்னெண்டு மாசத்தையும் எழுதி, எதுத்தாப்பல அந்த ஊரு சீதோஷ்ணத்தை எழுதி செவுத்துல தொங்கவிட்டிருக்கேன். சித்திரையில போவோம்னா, அங்க குளிரு தொடங்குது. வைகாசியும் அதே கததான். ஆனி, ஆடி, ஆவணி கேக்கவே வேண்டாம், பல்லு தந்தியடிக்கும். போதாக்குறைக்கு ஆடியில யாராவது புதுசா ஒரு ஊருக்குக் கெளம்புவாவளா? புரட்டாசியில எங்கப்பாவுக்குத் திதி, நான் இல்லாம யாரு குடுப்பா? ஐப்பசி, கார்த்திகையில அங்க மரமெல்லாம் பூத்துக் கெடக்கும், பாக்கவே கண்ணு ரெண்டும் பத்தாதுன்னா சங்கரி. ஆனா இங்க அடைமழை. அணை நெறையுற நேரத்துல நான் ஊர்ல இல்லைன்னா எப்படி? ரிட்டயராயிட்டேன், சரி. புதுசா வந்திருக்க பையனுக்கு ஒரு சந்தேகம்னா யார்ட்ட கேப்பான்? இதுவரைக்கும் கேட்டதில்ல. கேட்டான்னா? மார்கழி ஆகாத மாசம். மாசியில சிவராத்திரி, பங்குனியில உத்திரம், ரெண்டுக்கும் சாஸ்தா கோயிலுக்குப் போயே ஆகணும், குலதெய்வம்லா.

தையா? தை நல்ல மாசம். இங்கயும் நல்ல மாசம், அங்கயும் நல்ல வெயிலு. தைய ஒரு கொறை சொல்ல முடியாது. ஆனா பாருங்க, வருசா வருசம் தையிலதான் எனக்குச் சளி பிடிக்குது.

பிரமு சொல்லுவா. பிரமநாயகி, எம் பொஞ்சாதி. 'உங்களுக்குன்னு தனியாப் பதிமூணாவது மாசம் ஒண்ணு செஞ்சு தரணும்'ங்கா. அவளுக்கு என்ன, வாயி. எத்தனை மணி நேரம் கடலுக்கு மேலயே பறக்கணும்னு மாப்பிள்ளைட்ட ஒரு நாள் கேட்டேன். சும்மா, தெரிஞ்சுக்கிடத்தான். சொன்னாரு. அன்னைலருந்து ஒரு வாரம் எனக்குச் சோறு எறங்கல. அது பித்தம். நாட்டு மருந்துக்கடையில பொடி வாங்கிச் சாப்பிட்டுச் சரியாப் போச்சு.

இப்படியே மூணு வருசம். அவளும் விடாமக் கூப்பிட்டா. 'பூ பூக்கையில வாங்கப்பா, வெயில் அடிக்கையில வாங்கப்பா, ஆட்டுக்குட்டி எல்லாம் பொறக்குற நேரம் வாங்கப்பா.' போன கார்த்திகையில ஒரு நாள் கூப்பிட்டா. அவ அம்மைட்ட ரொம்ப நேரம் பேசினா. மார்புல கட்டியாம். ஆபரேசன் செஞ்சு எடுக்கணுமாம். பிரமு போனைக் கையில வச்சுக்கிட்டு அடுப்படியிலயே உக்காந்துட்டா. பெறகு சங்கரி எங்கிட்ட பேசினா. கட்டியப் பத்தி ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல. 'அப்பா, எப்பம் வேணும்னாலும் வாங்க'ன்னா. கவனிச்சியளா? பூவுன்னும் வெயிலுன்னும் சொல்லிக்கிட்டிருந்த புள்ள, எப்பம் வேணும்னாலும் வாங்கங்கா.

சரின்னு தையிலதான் முடிவு பண்ணினோம். விசா வந்துட்டு, டிக்கெட் வந்துட்டு. திருவனந்தபுரத்துல ஏறி சிங்கப்பூர்ல மாறிப் போகணும். டிக்கெட் சனிக்கிழமைக்கு. சனிக்கிழமை கெழக்க சூலம், நாம போறது கெழக்க! அதனால புதன்கிழமை காலையில நல்ல நேரம் பாத்து, என் பெட்டி ஒண்ணு, அவ பெட்டி ஒண்ணு, ரெண்டையும் இந்த வீட்டுல கொண்டு வச்சோம். நான்தான் தூக்கிட்டு வந்தேன். நல்லாத்தான் இருந்தேன் அன்னைக்கு.

சனிக்கிழமை கார் வந்து நின்னுது. பிரமு ஸ்வெட்டரைக் கையில பிடிச்சுக்கிட்டு வாசல்ல நிக்கா. நான் 'ஒரு நிமிசம், பாத்ரூம் போயிட்டு வந்துருதேன்'னு உள்ள போனேன். போயித் தாப்பாள் போட்டேன். வயிறு சரியில்ல. அவ தட்டினா, 'நேரமாச்சுங்க'ன்னு. வாரேன்னேன். மறுபடி தட்டினா. வாரேன்னேன். காரு ஹாரன் அடிக்கி. தாப்பாளைத் தொட்டாக் கையி தானா விட்டுருது. குழாயைத் தொறந்து விட்டேன், தண்ணிச் சத்தத்துல தட்டுறது கேக்காதுல்லா. கடைசியாக் கதவுகிட்ட வந்து மெதுவாச் சொன்னா: 'நான் போயிட்டு வாரேன். சங்கரிட்ட உங்களுக்குச் சளின்னு சொல்லிக்கிடுதேன்.'

அவ திருநெல்வேலிக்குக்கூடத் தனியாப் போனவ இல்ல. இங்கிலீசு ஒரு எழுத்து தெரியாது. அவ பெட்டிய மட்டும் இங்கருந்து எடுத்துக்கிட்டுப் போயிட்டா. சிங்கப்பூர்ல எறங்கி, மாறி, போய்ச் சேந்துட்டா பாத்துக்கிடுங்க. ஒரு பொம்பளைக்கு இம்புட்டுப் பிடிவாதம் ஆகுமா? ஒரு அஞ்சு நிமிசம் பொறுக்க மாட்டாளா? முக்கா மணி நேரம் நின்னான்னு கோலம்மை மதினி சொல்லுதாவ. நான் கடியாரம் பாக்கல.

என் பெட்டி இங்கனயே இருந்துட்டு. பரஸ்தானம் வச்சா மூணு நாளுக்குள்ள கெளம்பணும், இல்லைன்னா பலிக்காதும்பாவ. நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். மாசா மாசம் ஒரு நல்ல நேரம் பாத்து இங்க வந்து, பெட்டிய ஒரு ரூம்புலருந்து அடுத்த ரூம்புக்கு மாத்தி வச்சிருவேன். புதுசாக் கெளம்பின கணக்காயிரும்லா. மாசியில அடுப்படிகிட்ட, பங்குனியில நடு ரூம்பு, இப்படி. ஒரு நாள் மதினி எம் மூஞ்சிக்கு நேர கேட்டாவ, 'அண்ணாச்சி, எங்க வீட்டுக்குள்ளயே உங்க பெட்டி நியூசிலாந்துக்குப் போயிட்டு வந்துட்டு, நீங்க எப்பம் போவியோ?'ன்னு. கிண்டல் பேசுறவுகட்ட என்ன பேச?

ஞாயித்துக்கிழமை தவறாம வீடியோவுல கூப்பிடுவாவ. சங்கரி வந்து உக்காருவா. தலையில கம்பளிக் குல்லா. வீட்டுக்குள்ள! மாசி மாசம், அங்க நல்ல வெயில் காலம், பின்னால பிரமு அட்டைய வச்சு விசிறிக்கிட்டு நிக்கா, இவ குல்லா போட்டு உக்காந்திருக்கா. நான் சொன்னேன், 'பாத்தியா, வெயில் காலத்துலயே குல்லா போட வேண்டிய ஊரு. நான் சொன்னேம்லா.' அவ சிரிச்சா. 'ஆமாப்பா, குளிருது'ன்னா. பிரமு விசிறுறதை நிப்பாட்டிட்டு அந்தப் பக்கம் போயிட்டா. பங்குனியிலயும் குல்லா. சித்திரையிலயும் குல்லா. புருவத்தையும் மழிச்சிட்டா போல, ஒரு முடி இல்ல. இப்பம் அங்க அதான் நாகரிகமா இருக்கும்.

நீங்க நர்சுல்லா. சொல்லுங்க. குளிருக்குத்தான குல்லா போடுவாவ?

ஏன் தாயி கீழ பாக்கிய?

வேண்டாம், சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும். மொத நாளே தெரியும். ஆஸ்பத்திரியில மருந்து ஏத்தினா முடி கொட்டும்னு இந்தத் தெருவுல யாருக்குத் தெரியாது? அவளுக்கு இடுப்பு வரைக்கும் முடி. பிரமுவுக்குக் காலையில அடுப்பு வேலை, பள்ளிக்கூடத்துக்கு நான்தான் ரெட்டைச் சடை பின்னி விடுவேன். ஷட்டர் தூக்குற கை, முரட்டுக் கை, 'வலிக்குப்பா, மெல்ல'ம்பா. பத்தாங் கிளாஸ் வரைக்கும் நான்தான் பின்னினேன். இப்பம் நான் போயி எறங்கி, அவ வந்து கதவைத் தொறப்பா பாருங்க, அந்தத் தலைய நான் எப்படித் தாயி பாப்பேன்? பிளேனுக்குப் பயம், கடலுக்குப் பயம், இல்லைங்கல. ஆனா அதெல்லாம் கொஞ்சம். அவ கதவைத் தொறக்கதுக்குத்தான் பயம். நான் பாத்துட்டா அது நெசமாயிரும். இங்க இருக்க வரைக்கும் குளிருக்குத்தான் குல்லா.

பிரமுவுக்கு ஆறு மாசந்தான் அங்க இருக்க விட்டிருக்கான். அடுத்த செவ்வாக்கிழமையோட முடியுது, திரும்பிறணும். மாப்பிள்ளை பகல் பூரா வேலைக்குப் போயிருவாரு. சங்கரிக்கு இன்னும் ரெண்டு தடவை மருந்து ஏத்தணுமாம். ஏத்தினா மூணு நாளைக்கு எந்திரிக்க மாட்டாளாம், ஒரு வாய் கஞ்சி குடுக்க ஆளு வேணும். நான் 'சரி'ன்னு ஒரு வார்த்தை சொன்னா மாப்பிள்ளை அங்கருந்தே டிக்கெட் போட்டுருவாரு. விசா எனக்கு இன்னும் ஒரு மாசம் செல்லும். பாஸ்போர்ட்டா? அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு. பிரமு போன பெறகு நானே உள்ள வச்சுப் பூட்டினேன். பரஸ்தானப் பெட்டிய நடுவுல தொறக்கக் கூடாது, அதனால பாஸ்போர்ட்ட எடுக்க முடியாதுன்னு அவட்ட சொல்லி வச்சிருக்கேன். அப்படி ஒரு சட்டம் கெடையாது தாயி. நானாச் செஞ்சது.

இந்தா, அடிக்குது. போனு. எங்கன வச்சேன்? மடியிலதான் இருக்கு. பாருங்க, அங்கருந்துதான். இன்னைக்கு வியாழக்கிழமைல்லா? வியாழக்கிழமை கூப்பிட மாட்டாவளே. ஞாயித்துக்கிழமைதான கூப்பிடுவாவ. எதுக்கு வியாழக்கிழமை கூப்பிடுதாவ? நான் எடுக்க மாட்டேன். தாயி, நீங்க எடுங்க. நான் குளிக்கேன்னு சொல்லுங்க. என்ன ஏதுன்னு கேட்டுக்கிடுங்க. கெட்ட செய்தின்னா எங்கிட்ட சொல்லாதீங்க. தலைய மட்டும் ஆட்டுங்க. இல்ல, தலையும் ஆட்ட வேண்டாம். எடுங்க, கட்டாயிரப் போவுது. நான் அந்தச் செவுத்தப் பாத்து நின்னுக்கிடுதேன்.

வச்சிட்டாளா? யாரு, பிரமுவா? சங்கரியா? அவளே பேசினாளா? குரல் எப்படி இருந்துது, தெம்பா இருந்துதா? இருமினாளா? சரி, சரி, நான் பேசல. சொல்லுங்க. என்ன சொன்னா?

வெயில் வந்துட்டா? அங்கயா?

குளிரு சுத்தமா விட்டுப் போச்சாம். மரமெல்லாம் பூத்திருக்காம். 'அப்பாட்ட சொல்லுங்க, இதைவிட நல்ல நேரம் வராது, உடனே வரச் சொல்லுங்க'ன்னாளா? அப்படியேவா சொன்னா? நீங்களாச் சேத்துச் சொல்லலியே?

தாயி. இன்னைக்கு ஆடி பொறந்து ரெண்டு நாளு. நாலு வருசமா அந்த ஊரு மாசத்தை நான் மனப்பாடமாப் படிச்சு வச்சிருக்கேன், அந்த ஊர்க்காரனுக்குக்கூட அம்புட்டுத் தெரியாது. இப்பம் அங்க நடுக்குளிரு. சாயங்காலம் அஞ்சு மணிக்கெல்லாம் இருட்டிரும். சங்கரிதான் சொல்லியிருக்கா, அவ வீட்டு முன்னால இருக்க மரத்துல ஒரு எலை இருக்காதுன்னு. பூவு எங்கருந்து வந்துது? பொய் சொல்லுதா. அந்தக் குல்லாவைத் தவிர எம் புள்ள எங்கிட்ட ஒரு பொய் சொன்னவ இல்ல. நான் சொல்லுறதுக்கு ஒரு சாக்கும் மிச்சம் வைக்கக் கூடாதுன்னு, முன்ன பின்ன தெரியாத உங்ககிட்ட உக்காந்து பொய் சொல்லுதா. எவ்வளவு பயந்திருந்தா சொல்லுவா? நான் மட்டுந்தான் பயந்து கெடக்கேன்னு நெனைச்சேன். அவளுக்குப் பயம் இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல தாயி. ஒரு நாளு தோணல.

அழலை. கண்ணுல ஏதோ விழுந்துட்டு... இல்ல, அழுதேன். அழுதா என்ன?

பெட்டிய எடுங்க. இன்னைக்கு எந்தப் பக்கம் சூலம்? வேண்டாம், பாக்க வேண்டாம். மாப்பிள்ளைக்கு நீங்களே போன் போட்டு, 'அவரு கெளம்பிட்டாரு'ன்னு சொல்லிருங்க. நான் சொன்னா நடுவுல வேற ஏதாவது சொல்லிருவேன். டிக்கெட் எப்பம் கெடைக்குதோ கெடைக்கட்டும். நான் திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறி அங்கன போயிக் காத்துக் கெடக்கேன். கை நடுங்குது. நடுங்கட்டும். நடுங்கிக்கிட்டே பிளேன்ல உக்காரக் கூடாதுன்னு எவனாவது சொல்லியிருக்கானா?

ஒரே ஒரு உதவி தாயி. பனியனோட வந்துட்டேன். நீங்க எங்க வீட்டுக்குப் போங்க. முன் ரூம்புல ஆணியில சட்டை தொங்குது, அலமாரியில மாத்திரை டப்பா இருக்கு. ரெண்டையும் எடுத்துக்கிட்டு, வீட்டைப் பூட்டிச் சாவிய உங்ககிட்டயே வச்சுக்கிடுங்க. நான் இங்கனயே இருக்கேன். பஸ்சு வாரதுக்குள்ள நான் உங்ககிட்ட சாவி கேப்பேன். என்னமாவது காரணம் சொல்லிக் கேப்பேன், காலைப் பிடிச்சும் கேப்பேன். குடுத்துராதீங்க.